மூணு வருஷத்துல ஆறு சி.டி. ஸ்கேன்: ஏழாவதுக்குப் போகலாமா?

நெத்திலிக்குழம்பு, செம்பூர் | சனி இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். வாடகை வீடு, மாவு மில், டப்பாக்காரர் விஷயமாத்தான் இதுவரை இந்த மும்பைத் தமிழ் ஃபோரம்ல பதிவு போட்டிருக்கேன். இது கொஞ்சம் பயத்தோட போடறது.

என் கணவருக்கு வயசு 36. கிட்னியில கல் உருவாகிற உடம்பு. வலி வந்தா எப்பவும் ராத்திரி ரெண்டு மணிதான். ஆட்டோ பிடிச்சு ஓடுவோம். கேஷுவாலிட்டியில ஊசி போட்ட கையோட "சி.டி. கே.யு.பி. எடுத்துட்டு வாங்க"ன்னு சீட்டு, அதாவது கிட்னி, மூத்திரக்குழாய், மூத்திரப்பை மூணுக்கும் ஸ்கேன். ஆஸ்பத்திரி மாறினா பழைய ஸ்கேனை யாரும் கையில வாங்கறதுகூட இல்லை. நேத்து அலமாரியில இருந்ததை எல்லாம் எடுத்துக் கட்டில்ல வரிசையா வைச்சேன். பெரிய கவர் ஆறு. ஆறும் வயிறு. மூணு வருஷக் கணக்கு இது. இப்ப ஏழாவது எழுதிக் குடுத்திருக்காங்க, திங்கட்கிழமை போகணும். இந்த தடவை வலி ஊசியிலேயே அடங்கிடுச்சு, காய்ச்சல் இல்லை.

மாமியார், "ஏற்கெனவே அணு உலைக்குப் பக்கத்துல குடியிருக்கோம், மொட்டை மாடியில டவர், இதுல இது வேறயா"ங்கறாங்க. எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. அதுவும் மனசுல ஓடுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூகுள் பண்ணிப் பார்த்தேன், தூக்கம் போச்சு.

இட்லிவடைசயான் | சனி இரவு 11.34

ஆறு கவரா? எங்க சொசைட்டி கேஸ் ஃபைலே அவ்வளவு தடிமன் கிடையாது. அக்கா, கறுப்புஃபிலிம் அண்ணன் எழுதற வரைக்கும் காத்திருங்க. நடுவுல டவர்காரர் வருவார், பொறுத்துக்கோங்க.

டவர்எதிரி, முலுண்ட் | சனி இரவு 11.41

வந்துட்டேன். சிரிக்கிறவங்க சிரிங்க. ஸ்கேன் வருஷத்துக்கு ரெண்டு தடவை. டவர் 24 மணி நேரமும் தலைக்கு மேல. சொசைட்டிக்கு வாடகை வருதுன்னு கமிட்டி வாய் திறக்காது. எங்க விங்ல ரெண்டு பேருக்கு கேன்சர். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய்ப் பிரிவே 2011ல செல்போன் அலையை "வரலாம்"ங்கற பட்டியல்ல சேர்த்தாச்சு. முதல்ல டவரை இறக்குங்க, அப்புறம் சி.டி.யைப் பேசலாம்.

கறுப்புஃபிலிம், தாணே | ஞாயிறு காலை 7.05

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து டீ குடிச்சிட்டு எழுதறேன். ரேடியோகிராஃபரா 19 வருஷம்.

டவரை ஒரே பத்தியில முடிச்சிடறேன். கதிர்னா எல்லாம் ஒண்ணு இல்லை. எக்ஸ்ரே, சி.டி., காமா இதெல்லாம் அணுவுல இருந்து எலக்ட்ரானைத் தட்டி எடுக்கிற சக்தி உள்ளது. டி.என்.ஏ. இழையை அறுக்கும். டவர்ல வர்ற அலைக்கு அந்த பலம் கிடையாது, அதிகபட்சம் சூடு பண்ணும். அந்தச் சூட்டுக்கும் வரம்பு உண்டு. 2012 செப்டம்பர் 1ல இந்தியாவுல அதை சர்வதேச வரம்புல பத்துல ஒரு பங்காக் குறைச்சாங்க. நீங்க சொன்ன அதே 2011 பட்டியல்ல, அதே பிரிவுல ஆசியப் பாரம்பரிய ஊறுகாய்க் காய்கறியும் இருக்கு சார். அதுக்காக யாரும் சொசைட்டி மீட்டிங் போடறதில்லை.

இப்ப அக்கா விஷயம். உடம்புல படற கதிரோட அளவை மில்லிசீவர்ட்ல சொல்வோம். சும்மா இருக்கிற மனுஷனுக்கே மண், காத்து, வானம், சாப்பாடு எல்லாத்துல இருந்தும் உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 வருது. மார்பு எக்ஸ்ரே ஒண்ணு 0.1க்கும் கீழே. வயித்து சி.டி. சாதாரணமா 10 கிட்ட. ஆனா ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி, அதை ஓட்டறவனும் ஒவ்வொரு மாதிரி. அதனால சராசரியை நம்பாதீங்க, உங்க வீட்டுக்காரர் கணக்கை நீங்களே எடுக்கலாம்.

எப்படின்னா, ஒவ்வொரு கவர்லயும் சி.டி. இருக்கும், வட்டமான சி.டி.யைச் சொல்றேன். கம்ப்யூட்டர்ல போட்டு படங்களைத் தள்ளிக்கிட்டே போங்க. கடைசியில இல்லைன்னா முதல்ல கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்தா ஒரு பக்கம் வரும், டோஸ் ரிப்போர்ட். அதுல டி.எல்.பி.ன்னு ஒரு நம்பர், மொத்தம்னு போட்டிருக்கிறதை எடுத்துக்கோங்க. வயிறுன்னா அதை 0.015 ஆல பெருக்குங்க. வர்றது மில்லிசீவர்ட். 600ன்னு இருந்தா 9. பெரும்பாலான டாக்டர்களே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது இல்லை. பேஷண்ட் யாரும் இதுவரை எங்கிட்ட கேட்டதும் இல்லை.

கல்லுக்கு மட்டும் பார்க்கணும்னா குறைந்த டோஸ்ல எடுக்க முடியும், 3 இல்லை 4க்குள்ள. கல் பளிச்சுனு வெள்ளையாத் தெரியற பொருள், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா இருந்தாலும் ஒளிஞ்சுக்காது. ஆனா கேட்டாத்தான் எடுப்பாங்க. கேட்கலைன்னா மெஷின்ல ஏற்கெனவே போட்டு வைச்ச செட்டிங்கை அமுக்கிட்டுப் போயிடுவாங்க. நானும் அமுக்கியிருக்கேன், மறைக்கலை.

நைட்டூட்டி, பரேல் | ஞாயிறு காலை 9.50

நான் அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு சீட்டு எழுதற டாக்டர் கூட்டத்துல ஒருத்தன். எங்க பக்கத்தையும் கேளுங்க.

விலாவைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் சுருண்டு வர்றார். கல்லாத்தான் இருக்கும். ஆனா அப்பெண்டிக்ஸா இருக்கலாம், வயசானவர்னா பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கிற நிலையா இருக்கலாம். அந்த நேரத்துல சோனோகிராஃபி (அல்ட்ராசவுண்ட்) பண்ண ஆள் கிடையாது, மெஷின் அறையே பூட்டிக் கிடக்கும். சோனோகிராஃபியில யூரிட்டர், அதாவது கிட்னியில இருந்து மூத்திரப்பைக்குப் போற குழாய், அது நடுவுல நிக்கிற கல் பல தடவை தெரியவும் தெரியாது. சி.டி. அஞ்சு நிமிஷம், சந்தேகம் தீர்ந்தது. தப்பா அனுப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா கண்ணாடியை உடைக்க வர்ற உறவுக்காரங்களுக்கு மில்லிசீவர்ட் கணக்கு சொல்ல முடியுமா?

ஆனா ஒண்ணு. முன்னாடியே கல்லுனு உறுதியானவர், காய்ச்சல் இல்லை, வலி அடங்கிடுச்சுன்னா, பகல்ல நிதானமா சோனோகிராஃபியும் ஒரு வயித்து எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்கலாம். பழைய ஸ்கேனைக் கையில எடுத்துட்டு வந்து "இவ்வளவு எடுத்திருக்கு, குறைந்த டோஸ்ல முடியுமா, இல்லை சோனோகிராஃபி போதுமா"ன்னு கேளுங்க. கேட்டா எந்த டாக்டரும் கடிக்க மாட்டார். நீங்க சொன்ன அளவுக்கு நான் சொன்னேன். பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்க யூராலஜிஸ்ட்தான்.

குழந்தை விஷயம்: ஆணோட விந்து எண்ணிக்கை தற்காலிகமாக் குறையவே விதைப்பையில ஒரே தடவையில 150 மில்லிகிரே பக்கம் விழணும் (ஒரு உறுப்புல விழற கதிரை கிரேயில அளப்போம், ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே). வயித்து சி.டி.யில அங்க விழறது சில மில்லிகிரேதான். அதைப் பத்தித் தூக்கம் கெட வேண்டாம் அக்கா.

கணக்குவாத்தியார், டோம்பிவிலி | ஞாயிறு காலை 10.30

2021 கொரோனா ரெண்டாவது அலை சமயத்துல டெல்லி எய்ம்ஸ் இயக்குநரே ஒரு சி.டி. 300, 400 மார்பு எக்ஸ்ரேக்கு சமம்னு டி.வி.யில சொன்னாரே. இங்கே வேற மாதிரிப் பேசறீங்க?

கறுப்புஃபிலிம், தாணே | ஞாயிறு காலை 10.52

சொன்னார், ரேடியாலஜிஸ்ட்கள் சங்கம் உடனேயே அது பழைய காலக் கணக்குன்னு அறிக்கை விட்டது. ரெண்டு பேருமே சும்மா பேசலை வாத்தியாரே, வகுத்தல் கணக்குதான். எக்ஸ்ரேயை 0.02னு வைச்சா, 7 மில்லிசீவர்ட் சி.டி. 350 எக்ஸ்ரே. எக்ஸ்ரேயை 0.1னு வைச்சா 70. சி.டி.யையே குறைந்த டோஸ்ல 1.5க்கு எடுத்தா 15. "எத்தனை எக்ஸ்ரேக்கு சமம்"ங்கற கேள்வியே பயமுறுத்தத்தான் உதவும். அந்த ரெண்டு மாசத்துல மூச்சே வாங்காத ஆளெல்லாம் மூணு நாளைக்கு ஒரு தடவை வரிசையில நின்னதை நான் பார்த்தேன். அவர் கோபத்துல சொன்னது நியாயம்தான்.

வடுமாங்காய்மாமி, மாட்டுங்கா | ஞாயிறு மதியம் 12.15

ஊறுகாயை இழுத்ததுக்காகவே வந்தேன்!

எங்காத்து மாமாவுக்கு தொண்டையில கட்டி. பரேல்ல ரேடியேஷன் குடுத்தா. 33 நாள், நாளைக்கு 2 கிரே, ஆகமொத்தம் 66. முகத்துக்கு மேல சூடான பிளாஸ்டிக் வலையை இழுத்து அச்சு எடுத்து, அதை மேஜையோட பூட்டிடுவா, அசையப்படாது. முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியலை. மூணாம் வாரத்துல கழுத்துத் தோல் கத்தரிக்காய் சுட்ட மாதிரி ஆச்சு. வாய் பூரா புண். எச்சிலே ஊறலை. தயிர் சாதத்தை மிக்ஸியில அடிச்சு, அதையும் ஸ்பூன்ல தண்ணி விட்டு விட்டுத்தான் இறக்கணும். ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியலைன்னு ஒரு நாள் அழுதார். ருசி திரும்ப ஆறு மாசம் ஆச்சு, எச்சில் இன்னும் முழுசா வரலை. தண்ணி பாட்டில் இல்லாம மார்க்கெட்டுக்குக்கூடப் போக மாட்டார். ஆள் நன்னாயிருக்கார், ஆறு வருஷமாச்சு.

எனக்கு அப்போ வலிச்சது வேற. எதிராத்துப் பொண்ணு முழுகாம இருந்தா. மாமா லிஃப்டுக்குள்ள வந்தா அவ வெளியில போயிடுவா. தப்பு சொல்லலை, யாரோ சொல்லியிருக்கா. ஆனா இந்த மாதிரி வெளியிலேருந்து பாய்ச்சற கதிர், மெஷினை அணைச்சதும் போச்சு. டார்ச் அடிச்சுட்டு அணைச்ச மாதிரி. உடம்புல ஒட்டிண்டு வராது. தைராய்டுக்கு அயோடின் குடிக்கறவா கதை வேற. அவா உள்ளேயே மருந்து கதிர் விடும், அதனாலதான் தனி ரூம்ல வைக்கறா, அப்புறமும் சில நாள் கர்ப்பிணி, குழந்தைகள் கிட்ட நெருங்காதேன்னு சொல்லி அனுப்பறா. ரெண்டையும் போட்டுக் குழப்பிண்டா யாரோ ஒருத்தர் லிஃப்டுல தனியா நிக்கணும்.

கணக்குவாத்தியார், டோம்பிவிலி | ஞாயிறு மதியம் 12.40

மாமி, 66 கிரேயா? உடம்பு முழுக்க 4 கிரே பட்டாலே, வைத்தியம் இல்லைன்னா பாதிப் பேர் ரெண்டு மாசத்துல போயிடுவாங்கன்னு படிச்சிருக்கேனே.

வடுமாங்காய்மாமி, மாட்டுங்கா | ஞாயிறு மதியம் 1.10

ரெண்டும் சரிதான், நானும் அதே கேள்வியை அங்க கதிர் அளவைக் கணக்குப் போடற பிசிசிஸ்ட் பொண்ணுகிட்ட கேட்டேன். ஒரு கைப்பிடி உப்பை ஒரு மாசம் குழம்புல போட்டா சமையல், ஒரே வாயில போட்டுண்டா வாந்தி. அதோட இவருக்குக் குடுத்தது கழுத்துல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, எலும்பு மஜ்ஜை எல்லாம் பத்திரமா இருந்தது. உடம்பு பூரா ஒரே நேரத்துல பட்டா மஜ்ஜை செத்துடும், ரத்தம் ஊறாது.

பழையஇரும்பு, தாராவி | ஞாயிறு மாலை 5.20

அந்த "உடம்பு பூரா"ன்னா என்னன்னு எங்க தொழில்காரனுக்குத்தான் தெரியும். நான் திருநெல்வேலிப் பக்கம், 13 கம்பவுண்டுல பங்கார் கடை, பழைய இரும்பு யாவாரம், அப்பா காலத்துல இருந்து.

2010 ஏப்ரல், டெல்லி மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்டு. எங்க மார்க்கெட் பூரா அந்தப் பேச்சுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்து வேதியியல் துறையில எண்பதுகளுக்கு அப்புறம் யாரும் தொடாமக் கெடந்த காமா மெஷின் ஒண்ணு. பிப்ரவரியில பழைய சாமானோட சாமானா ஏலத்துல போட்டுட்டாவ. உள்ளார கோபால்ட் 60, காமா கதிர் விடுத உலோகம், பென்சில் மாதிரி குச்சி. கடைக்காரப் பயலுவளுக்கு அது தெரியுமா? ஈயம் நல்ல வெலைக்குப் போகும், அதை உரிச்சிருக்கானுவ. குச்சியையும் வெட்டியாச்சு. ஒரு கடைக்காரர் மினுமினுங்குதுன்னு ஒரு துண்டைப் பர்ஸ்ல வச்சுப் பின் பாக்கெட்டுல சொருகிக்கிட்டார். அந்த எடத்துல சதை வெந்து புண்ணாப் போச்சு. முடி கொட்டி, தோல் கறுத்து, வாந்தியா எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல யாருக்கும் என்னன்னு புரியலை. ஒருத்தர் செத்தே போனார். இன்னும் ஏழு பேர் பிழைச்சதே பெரிய காரியம்.

அதுல இருந்து நான் ஒரு படத்தைக் கடைச் செவத்துல ஒட்டி வச்சிருக்கேன். மஞ்சள்ல மூணு எறக்கை, கதிர் இருக்குன்னு எச்சரிக்கிற அடையாளம். உண்மையச் சொல்லுதேன், நானே ஒரு காலத்துல அதை ஃபேன் கம்பெனி மார்க்குன்னுதான் நெனச்சேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூடின ஃபேக்டரி ஒண்ணுல இருந்து லாட் வந்துச்சு. குத்துப்போணி அளவு உருண்டை ஒண்ணு, அந்த சைசுக்கு அந்தக் கனம் இருக்கவே கூடாது. பயல் உளியை வச்சுட்டான். பெயிண்ட்டுக்கு அடியில மூணு எறக்கை லேசாத் தெரியுது. ஒரே சத்தம் போட்டேன் பாருங்க, பக்கத்துக் கடைக்காரன் சண்டைன்னு ஓடி வந்தான். கடையைப் பூட்டி எல்லாரையும் தெருக்கோடிக்கு நிறுத்தி போலீசுக்குச் சொன்னேன். மீட்டரோட ஆள் வந்து பார்த்தா உள்ள ஒண்ணும் இல்லை, காலி ஈயப் பானை. சிரிச்சானுவ. சிரிக்கட்டும்.

அணு உலைக்குப் பயப்படுத ஊரு, எங்க கடைப் பக்கம் திரும்பிப் பாக்காது. அதான் எனக்கு ஆத்தாமை.

தோரியம்தாத்தா, செம்பூர் | ஞாயிறு இரவு 8.45

பழையஇரும்பு அண்ணாச்சி செய்தது மிகச் சரி. சிரித்தவர்கள் ஒருநாளும் உளி பிடித்திருக்க மாட்டார்கள். மூன்று இறக்கை பலருக்கும் புரியவில்லை என்பதால்தான் 2007இல் சர்வதேச அளவில் சிவப்பு முக்கோணம் ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள்: மேலே கதிர் அலை, கீழே மண்டையோடு, ஓடுகிற மனிதன். 2008இல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட் 60 இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். நதிமூலம் பார்த்தால் நம் மகாராஷ்டிரத்தில் பழைய இரும்பைப் போட்டு உருக்கிய எஃகு. தொலைந்துபோகிற சின்னத் துண்டுதான் ஆபத்து. காவல் போட்டு நிற்கிற பெரிய உலை அல்ல.

நான் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் 34 ஆண்டுகள். செம்பூரில் முடி கொட்டினால் எங்களைத் திட்டுவார்கள். நெத்திலிக்குழம்பு அம்மாவின் மாமியாரிடம் சொல்லுங்கள், நம் பேட்டையில் மூச்சுக்குழலைக் கெடுப்பது ரிஃபைனரிப் புகையும் லாரிப் புழுதியும்தான். அதற்கு இருமல் சாட்சி.

எங்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் இருக்கும். அலுமினியத் தகட்டில் மூன்று வட்டச் சில்லுகள், ஒவ்வொன்றும் சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ஒன்றுக்கு மேல் உலோக மறைப்பு, ஒன்றுக்குப் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. எந்த வகைக் கதிர் பட்டது என்று பிரித்தறிய இந்த ஏற்பாடு. பட்ட கதிரைச் சில்லு தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் அதை வெளிச்சமாகக் கக்கும். வெளிச்சத்தை அளந்தால் டோஸ். முதல் முறை அந்த அறையில் நின்று பார்த்தபோது, மூன்று மாத என் நடமாட்டம் ஒரு வினாடி ஒளியாகப் போவது எனக்கு வினோதமாக இருந்தது. சட்டப்படி ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. ஓய்வு பெற்றபோது என் மொத்தக் கணக்கைக் கேட்டு வாங்கினேன்: 71.

நோயாளிக்கு இப்படி வரம்பு கிடையாது, இருக்கவும் கூடாது. உயிரைக் காக்கும் ஸ்கேனை எண் காரணமாக நிறுத்த முடியாது. தேவையா என்று ஒருமுறை கேட்பதுதான் அங்கே வரம்பு.

கறுப்புஃபிலிம், தாணே | ஞாயிறு இரவு 9.15

ஐயா பேட்ஜைப் பத்திச் சொன்னதும் ஞாபகம். நான் முதல்ல சேர்ந்த நர்சிங் ஹோம்ல பேட்ஜ் எல்லாம் எக்ஸ்ரே ரூம் சுவத்துல ஆணியில தொங்கும், தொலைஞ்சா ஃபைன்னு பயம். ரிப்போர்ட்ல எல்லார் பேருக்கும் எக்கச்சக்க டோஸ், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆள் வாங்காத கதிரை ஆணி வாங்கியிருக்கு. நேர்மாறா நடந்ததுதான் இன்னும் மோசம். ஒருத்தர் பேட்ஜை வீட்டு பீரோவுல பத்திரமா வைச்சிருந்தார், அவர் டோஸ் எப்பவும் பூஜ்யம்.

ஈய ஏப்ரனை மடிச்சு நாற்காலியில போடறது இன்னொண்ணு. மடிப்புல வெடிப்பு விடும், வெளியில தெரியாது. நான் ஒரு தடவை ஏப்ரனையே மெஷினுக்குக் கீழே வைச்சுப் பார்த்தேன், விலா எலும்பு மாதிரி கீறல் கீறலா வெளிச்சம். ஆஞ்சியோ ரூம்ல நிக்கிறவங்க கண்ணாடியும் போடணும். கண் லென்ஸ் நாம நினைச்சதைவிட மென்மையானது, 0.5 கிரேயிலேயே புரை வரலாம்னு 2011ல கணக்கை மாத்தினாங்க.

கருமணல், வாஷி | ஞாயிறு இரவு 10.05

எனக்கு சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி. கடற்கரை மணல் கறுப்பா இருக்கும், அதுல மோனசைட்னு ஒரு தாது கலந்திருக்கும், அந்தத் தாதுவுல இயற்கையாவே கதிர் விடற தோரியம். சின்ன வயசுல அதுலதான் வீடு கட்டி விளையாடினோம், ஈர மணல் நகக்கண்ணுல போய் ரெண்டு நாள் போகாது. "உங்க ஊர்ல எல்லாருக்கும் கேன்சராமே"ன்னு மும்பையில எத்தனை பேர் கேட்டிருக்காங்க. கல்யாணம் பேசும்போதுகூட ஒரு வீட்ல கேட்டாங்க.

அங்கேயும் நிறையப் பேர் அதை நம்பறாங்க, என் அத்தை போனதும் புற்றுநோயிலதான். ஆனா இதே மணல் உள்ள கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளியில ஏறக்குறைய 70 ஆயிரம் பேரை வீடு வீடாக் கணக்கெடுத்து, சராசரியா பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2009ல வெளியிட்டாங்க. கதிர் அதிகமான இடத்துல இருந்தவங்களுக்குப் புற்றுநோய் கூடுதலா வந்ததாத் தெரியலை. அதுக்காக ஆலைக்குள்ள பிரிச்ச தாதுவோட தூசியை முகமூடி இல்லாம இழுக்கிறதும் இதுவும் ஒண்ணு கிடையாது. எங்க மாமா அங்க வேலை பார்த்தார், அவருக்கு அதுல கோபம் நிறைய.

டவர்எதிரி, முலுண்ட் | ஞாயிறு இரவு 10.20

அப்ப கதிர் நல்லதுன்னு சொல்ல வர்றீங்க. அடுத்து ஹிரோஷிமா ஹெல்த் ரிசார்ட்டா?

தோரியம்தாத்தா, செம்பூர் | ஞாயிறு இரவு 10.58

யாரும் அப்படிச் சொல்லவில்லை தம்பி. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களை இன்றுவரை பின்தொடர்கிறார்கள், நாம் பேசுகிற எண்களுக்கு அதுதான் ஆதாரம். ரத்தப் புற்று இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தலைகாட்டியது. மற்றக் கட்டிகள் பத்தாண்டுக்குப் பின். கருவில் 8 முதல் 15 வாரமாக இருந்த குழந்தைகள்தான் மூளை வளர்ச்சியில் அதிகம் அடிபட்டார்கள். ஆனால் பிழைத்தவர்கள் பிற்பாடு பெற்ற பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறு கூடியதாகக் காணவில்லை. குழந்தை பற்றிக் கேட்ட அம்மா இதைக் குறித்துக்கொள்ளலாம்.

100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே பாதிப்பு தனியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது. அதனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளாமல், அதிக டோஸில் டோஸும் பாதிப்பும் சேர்ந்து ஏறுகிற கோட்டை அப்படியே கீழேவரை இழுத்துக் கணக்கிடுகிறோம். 1000 மில்லிசீவர்ட் பட்ட நூறு பேரில் 5 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் என்பது நடைமுறை எண். கருமணல் அம்மா சொன்ன ஆய்வைப் பார்த்தால் இந்தக் கோடு, கதிரை மெதுவாக வாங்குகிறவர்களிடம் பாதிப்பை மிகைப்படுத்துகிறது என்று தோன்றும். ஸ்கேன் எடுத்த குழந்தைகள் பற்றி 2023இல் வந்த ஐரோப்பிய ஆய்வைப் பார்த்தால் அப்படித் தோன்றாது: 10,000 பிள்ளைகளுக்கு ஒரு சி.டி. வீதம் எடுத்தால் அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவருக்கோ இருவருக்கோ அதனால் ரத்தப் புற்று. என் கட்சி, கோட்டை நம்பாவிட்டாலும் மதித்து நடப்பது. பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக.

மட்டுறுத்துநர் | திங்கள் காலை 8.00

மருந்து பெயர் கேட்டு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். டவர் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும்.

நெத்திலிக்குழம்பு, செம்பூர் | திங்கள் காலை 8.40

ராத்திரி பூரா நானும் அவரும் லேப்டாப்போட உட்கார்ந்தோம். எங்க லேப்டாப்புல சி.டி. போடற இடமே இல்லை, பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வெளியில செருகற டிரைவ் வாங்கினோம். கறுப்புஃபிலிம் அண்ணன் சொன்ன பக்கம் ஆறுலயும் இருந்தது. டி.எல்.பி. வரிசையா: 712, 690, 1480, 640, 655, 230. மொத்தம் 4407. 0.015 ஆல பெருக்கினா 66 மில்லிசீவர்ட்.

அப்புறம்தான் தாத்தா எழுதினதைத் திரும்பப் படிச்சேன். டிராம்பேயில 34 வருஷம், 71. இவருக்கு மூணு வருஷம், 66. மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன், அணு உலைப் பேச்சு அதோட நின்னுச்சு. அந்த 1480 ஏன் அவ்வளவு? 230 எடுத்த இடத்துல கல் நல்லாத்தானே தெரிஞ்சது, ரிப்போர்ட்ல 4 மி.மீ.ன்னு தெளிவாப் போட்டிருக்கே.

கறுப்புஃபிலிம், தாணே | திங்கள் காலை 9.02

1480 ரெண்டு தடவை ஓட்டினது. முதல்ல சும்மா, அப்புறம் நரம்புல மருந்து ஏத்தி. கல்லுக்கு மருந்து வேண்டியதில்லை, வேற சந்தேகம் இருந்திருக்கலாம், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாத் தெரியும். 230 எடுத்தவன் தொழில் தெரிஞ்சவன். அவனை எனக்குப் பார்க்கணும் போல இருக்கு.

தோரியம்தாத்தா, செம்பூர் | திங்கள் காலை 9.30

அம்மா, ஒப்பிட்டதில் தப்பில்லை, பயந்துவிடாதீர்கள். நம் நாட்டில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வருகிறது. உங்கள் கணவரைப் போல ஆயிரம் பேர் இருந்தால், ஸ்கேனே எடுக்காவிட்டாலும் சுமார் 110 பேருக்கு வரும். 66 மில்லிசீவர்ட் கணக்குப்படி அதில் மூன்று பேரைக் கூட்டும். எனக்கு 76 வயது, காலையில் டைமண்ட் கார்டனில் நான்கு சுற்று நடக்கிறேன். அது சாட்சியம் ஆகாது. என்னோடு வேலை பார்த்து, என்னைவிடக் குறைவாக வாங்கிப் புற்றுநோயில் போனவரும் உண்டு. எதனால் வந்தது என்று எந்தக் கட்டியிலும் முத்திரை குத்தியிருக்காது.

ஆனால் அந்த ஆறில் ஐந்து, 230 அளவிலேயே முடிந்திருக்க வேண்டியது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. எங்களை ஒவ்வொரு மில்லிசீவர்ட்டுக்கும் கேள்வி கேட்டார்கள். இவரை யாரும் கேட்கவில்லை, கணக்கும் வைக்கவில்லை.

நெத்திலிக்குழம்பு, செம்பூர் | திங்கள் இரவு 9.10

போயிட்டு வந்தோம். ஆறு கவரையும் சூட்கேஸ்ல போட்டு இழுத்துட்டுப் போனேன், வாட்ச்மேன் அட்மிஷன்னு நினைச்சுட்டார். நம்பர் எழுதின தாளை நீட்டினதும் யூராலஜிஸ்ட் முதல்ல என்னைப் பார்த்தார், அப்புறம் தாளைப் பார்த்தார், "இதை யார் போட்டுக் குடுத்தது?"ன்னார். நான்தான்னேன். சீட்டுல சி.டி.ன்னு இருந்ததை அடிச்சுட்டு சோனோகிராஃபி, எக்ஸ்ரே கே.யு.பி.ன்னு எழுதினார். கல் 5 மி.மீ., கீழே மூத்திரப்பை வாசல்ல வந்து நிக்குது, கிட்னியில வீக்கம் லேசு. ரெண்டு வாரம் பார்க்கலாம், காய்ச்சலோ தாங்க முடியாத வலியோ வந்தா உடனே வா, அப்ப சி.டி. தேவைன்னா எடுத்துத்தான் ஆகணும், குறைந்த டோஸ்னு சீட்டுலயே எழுதித் தர்றேன்னார். எழுதியும் குடுத்துட்டார்.

தண்ணி குடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில பிடிக்கச் சொல்லியிருக்காங்க. வீட்ல இருந்த டீ வடிகட்டியைத் தியாகம் பண்ணியாச்சு. மாமியாருக்கு இப்ப அந்த வருத்தம்.

பழையஇரும்பு, தாராவி | திங்கள் இரவு 9.25

வடிகட்டி நான் அனுப்புதேன் அக்கா, ஸ்டீலு, எடைக்கு வந்தது இல்லை, புதுசு. அந்தப் பெருக்கல் கணக்கு மார்புக்கும் அதேதானா, வேறயா? எங்க அப்பாவுக்கு நாலு இருக்கு.

கறுப்புஃபிலிம், தாணே | திங்கள் இரவு 9.40

மார்புக்கு 0.014 அண்ணாச்சி, தலைக்கு 0.002. கவர் எல்லாத்தையும் எடுத்து வைங்க, வியாழன் எனக்கு லீவு, 13 கம்பவுண்டுக்கு வர்றேன். அந்த ஈயப் பானை இன்னும் இருந்தா அதையும் பார்க்கணும்.